சிரசிக்கும் விஜயபுராவுக்கும் நடுவில்

ஹுப்பள்ளி வித்யாநகரில் கானாவளி என்னும் சாப்பாட்டுக் கடை நடத்தும் கங்கவ்வாவுக்கு ஒரு நாளில் பிடித்த நேரம் பகல் பன்னிரண்டே முக்கால். ஜோளத ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய்ப் பல்யா, கடலைச் சட்னிப் பொடி எல்லாம் ஆறு கேரியர்களில் அடைத்து எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவாள். அங்கே தனியார் பேருந்துகளுக்கு டிக்கெட் மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அந்த ஆறில் ஒருத்தி அவள் தங்கை மகானந்தா.

சாப்பாடு வைத்ததும் இறங்கிவிட வேண்டியதுதான். கங்கவ்வா இறங்குவதில்லை. ஐந்து நிமிடம் தங்கையின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் மகானந்தாவுக்குப் பார்வை போனது. சொந்த ஊரான குந்தகோளிலிருந்து அவளைப் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் சேர்த்தபோது கங்கவ்வா எட்டாவது முடித்து வீட்டோடு இருந்தாள். விடுமுறைக்கு வந்தால் தங்கை கேட்கும் புத்தகத்தையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுவது அக்காவின் வேலை. "இன்னும் வேகமா வாசி அக்கா, மாட்டு வண்டி மாதிரி வாசிக்காதே" என்று அவள் நச்சரிப்பாள். பிறகு பள்ளியில் கம்ப்யூட்டர் வந்தது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளும் வந்தது. அந்தக் குரலை மகானந்தா எவ்வளவு வேகத்தில் ஓட விட்டாளென்றால், கங்கவ்வா காதில் அது மிளகாய் அரைக்கும் மெஷின் மாதிரித்தான் கேட்டது. தங்கைக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

ஆபீஸில் புரோகிராம் எழுதும் எடிட்டரின் இடது ஓரத்தில் ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். மற்றவர்கள் கண்ணால் மேய்ந்து சுட்டியால் தட்டுவார்கள். மகானந்தா சுட்டியைத் தொடமாட்டாள். கீழ் அம்பு, கீழ் அம்பு, வலது அம்பு. ஃபோல்டர் திறக்கும். குரல் பெயரைச் சொல்லும், எத்தனையாவது அடுக்கு என்று சொல்லும், இத்தனையில் இது எத்தனையாவது என்றும் சொல்லும். வீட்டில் உப்பு டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்தாலே "யாரு மாத்தினது?" என்று சண்டைக்கு வருகிறவள் அவள். முன்னூற்றுச் சொச்சம் ஃபைல்களும் அவள் தலைக்குள் அதே மாதிரிதான் இருந்தன.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்று மாதச் சோதனைக் காலத்தில் பதினொரு நாள் பாக்கி. முதலாளி பிரஹ்லாத் குல்கர்ணி நல்ல மனிதர், மறைத்துப் பேசத் தெரியாதவர். "புரோகிராம் எழுதச் சொன்னா நீ நல்லா எழுதறேம்மா. பெரிய புராஜெக்ட்ல வழி தெரியாம நின்னுட்டா, பக்கத்துல ஒரு ஆளை உக்கார வைக்க என்னால முடியாது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அன்று இரவு மகானந்தா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. அதிலிருந்து கங்கவ்வா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை அவள் மாடி ஏறியபோது யாருமே கேரியரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற நாலு பேரும் உடன் வேலை செய்யும் இர்ஃபான் நதாஃபின் மேசையைச் சுற்றி நின்றார்கள். குல்கர்ணி வேர்த்துப்போயிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் கங்கவ்வா.

"போச்சு கங்கக்கா, எல்லாம் போச்சு" என்றான் இர்ஃபான். "ராணெபென்னூர் பஸ் முதலாளி மூணு மணிக்கு வர்றாரு. அவருக்குன்னு மூணு வாரமா நான் சரி பண்ணின டிக்கெட் ஃபோல்டரையே காணோம்!"

"வேற மெஷின்ல இருக்கும் இல்ல?"

"இல்லக்கா. அவரு கொடுத்த விவரம்கறதால இந்த ஒரு மெஷின்ல மட்டும்தான். எல்லாரும் பகிர்ந்துக்கிற பொதுக் கணக்குல சேராம ஒதுக்கி வெச்சிருந்தோம். அப்படி ஒதுக்கினதை, பேரை அடிச்சுத் தேடினாலும் எடிட்டர் காட்ட மாட்டேங்குது."

குப்பைத்தொட்டியில் பார்த்துவிட்டான், இல்லை. முழு மெஷினையும் தேடச் சொல்லி விட்டிருந்தான், பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. ஃபோல்டர்களை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாயிற்று. காலையில் ஒன்பதரைக்கு நன்றாக அச்சான டிக்கெட், இப்போது வெள்ளைத் தாளாக வந்து விழுந்தது.

மகானந்தா தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "நான் பாக்கட்டுமா சார்?"

குல்கர்ணி பதில் சொல்வதற்குள் இர்ஃபான் இடத்தைக் காலி செய்துவிட்டான். "வா மகா. கண்ணு இருக்கிற நாலு பேரு பாத்து ஒண்ணும் கிழிக்கல."

"அதான் பிரச்சினையே" என்றாள் அவள்.

பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகினாள். பேசும் மென்பொருள் எப்போதும் அதில் இருக்கும். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டப் போனவளை குல்கர்ணி தடுத்தார். "ஸ்பீக்கர்லயே விடு. நாங்களும் கேக்கறோம்." குரல் கிளம்பியதும் அவரே ஓர் அடி பின்வாங்கினார். "இது மனுஷக் குரல்தானாம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. கங்கவ்வா கேரியர்களைக் கீழே வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே நின்றாள். தங்கையின் விரல்களை மட்டும் பார்த்தாள்.

மகானந்தா முதலில் திறந்திருந்த எல்லா ஃபோல்டர்களையும் ஒரே தட்டில் மூடினாள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக. கீழ் அம்பு, வலது அம்பு. குரல் சொல்லும். அவள் உதடு ஓர் எண்ணை முணுமுணுக்கும். இடது அம்பு, மூடும். அடுத்தது.

"ஏம்மா, உள்ள போயி ஒவ்வொண்ணாப் பாக்காம மூடிட்டே போறே?" என்றார் குல்கர்ணி.

"பாக்க வேண்டாம் சார். எண்ணினா போதும். முதல் பேரைச் சொல்லும்போதே உள்ள மொத்தம் எத்தனைன்னும் இது சொல்லிடும். இதே ஃபோல்டருங்க என் மெஷின்லயும் இருக்கு, எதுல எத்தனைன்னு எனக்குத் தெரியும்."

மணி ஒன்று பத்து. இரண்டாவது ஃபோல்டர், நாலாவது, ஏழாவது. ஒவ்வொன்று மூடும்போதும் இர்ஃபான் கழுத்தைத் தடவிக்கொண்டான்.  இன்றைக்கு இவள் கண்டுபிடிக்காவிட்டால், தொலைத்தவனை விட்டுவிட்டுத் தேடியவளைத்தான் பேசுவார்கள் என்று கங்கவ்வாவுக்குத் தெரியும்.

ஒன்பதாவது, ஊர்கள் ஃபோல்டர். ஒவ்வொரு பேருந்து நிலையத்துக்கும் உள்ளே ஒரு ஃபோல்டர். வலது அம்பு, கீழ் அம்பு. குரல் கரகரத்தது. மகானந்தாவின் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்ன சொல்லுச்சு?" என்றான் இர்ஃபான்.

"அதணி, முப்பத்தொன்பதில் ஒண்ணு."

"ஆமா, அதணி இருக்கே."

"அதணி இருக்கட்டும். நமக்கு ஊரு முப்பத்தெட்டுதான் இர்ஃபான். முப்பத்தொன்பதாவது ஊரை யாரு கட்டினது?"

 அவள் கீழ் அம்பை அழுத்திப் பிடித்தாள். பாகல்கோட்டை, பெலகாவி, கதக், ஹாவேரி என்று ஆங்கில எழுத்து வரிசையில் ஊர்கள் பறந்தன. சிரசி வந்தது. விரலை எடுத்து, மெதுவாக இன்னொரு தட்டு. அடுத்து வரவேண்டிய விஜயபுரா வரவில்லை. குரல் ஒரே ஒரு சொல் சொன்னது. அது கங்கவ்வாவுக்குக்கூடப் புரிந்தது.

டிக்கெட்.

"யா அல்லா!" என்று இர்ஃபான் தலையில் கை வைத்துக் குதித்தான். திரையில் இத்தனை ஊர்ப் பெயர்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு வரி. நாலு பேர் கண்ணும் அதன்மேல் இரண்டு தடவை ஓடியிருந்தது.

"ஊர்கள் ஃபோல்டருக்கு நேர் கீழதான டிக்கெட் இருக்கும்?" என்றாள் மகானந்தா. "உன் விரல் டச்பேட்ல இழுத்து உள்ள போட்டிருக்கு. நகர்த்தட்டுமான்னு எடிட்டர் கேக்குமே, கேக்கலையா?"

இர்ஃபான் திருதிருவென்று விழித்தான். "இனிமே கேக்காதேன்னு போன மாசம் நான்தான் டிக் பண்ணினேன். தொல்லையா இருந்துச்சு."

"காலைல என்ன தின்னே?" என்றாள் கங்கவ்வா திடீரென்று.

"மிர்ச்சி பஜ்ஜி."

"எண்ணெய்க் கையோட அதைத் தடவினியா? நல்ல வேளை, ஹுப்பள்ளியையே தூக்கி தார்வாடுக்குள்ள போடல!"

அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வெடித்தது. மகானந்தா சிரித்துக்கொண்டே இரண்டு தட்டில் ஃபோல்டரைப் பழைய இடத்தில் வைத்தாள். ஓட்டச் சொன்னாள். அச்சு இயந்திரம் முனகியது, துப்பியது. ராணெபென்னூர் முதல் ஹுப்பள்ளி வரை, இருக்கை எண் ஏழு, எழுத்து எழுத்தாக. இர்ஃபான் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் காட்டினான்.

குல்கர்ணி அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. மகானந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

அவள் சிரிப்பு நின்றது. "பதினொண்ணு சார்."

"வேண்டாம். நாளைக்கு நிரந்தர ஆர்டர் வாங்கிக்கோ. வழி தெரியாம நிப்பேன்னு சொன்னேன் பாரு, அதைத் திருப்பி எடுத்துக்கறேன். இந்த ஆபீஸ்ல வழி தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான்."

மகானந்தா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "சார், ஆர்டருக்கு முன்னாடி ஒண்ணு. எல்லா மெஷின்லயும் அந்தக் கேள்வியைத் திரும்பப் போட்டுடறேன். இனிமே யாரும் டிக் பண்ணி அதை நிறுத்தக் கூடாது."

"உத்தரவு!" என்றான் இர்ஃபான்.

கங்கவ்வா கேரியர்களை மேசையில் வைத்தாள். தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை நெரித்துத் திருஷ்டி கழித்தாள்.  "ரொட்டி ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

இரண்டாவது மாடியில் ஒரு கூரியர்காரர் பார்சலோடு ஏறி வந்தார். முன்பின் பார்க்காத ஆள். கங்கவ்வா அவரை மறித்து நிறுத்தினாள்.

"அண்ணா, என் தங்கச்சிக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு!"

"அப்படியாம்மா, சந்தோஷம். எங்க வேலை?"

"மேலே. முன்னூறு ஃபைல், முப்பத்தெட்டு ஊரு. கேக்க நேரம் இருக்கா?"

அவர் பார்சலைப் படியில் இறக்கி வைத்தார்.