பதின்மூன்று வரிசைப் போர்வை

மேடையம்மாவின் வீட்டுக்குள் போனால் அவள் கையால் பின்னிய பொருள் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. இருபத்தாறு வருடமாக உல்லன் நூலும் குரோஷா ஊசியுமாகக் குடித்தனம் நடத்துகிறவள் வீட்டில் ஜன்னலுக்குக் கடையில் வாங்கிய திரை, சோபாவுக்குக் கடையில் வாங்கிய உறை, டிவிக்கு மேலே வெறும் தூசி. சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் பின்னியதெல்லாம் அதே தெருவில்தான் இருக்கிறது. எதிர்வீட்டு வாசல் திரை அவளுடையது. மூன்றாம் வீட்டு டீப்பாய் விரிப்பு அவளுடையது. முனையில் இருக்கும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடக்கிற ஆறு குஷன் உறைகளும் அவளுடையவை. ஒருநாள் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனவள், தன் குஷன்மேலேயே சாய்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வந்தாள். பல்வலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

எல்லாம் அவள் கணவரின் தாராளம். வீட்டின் முன்னறையில் அவருக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடியோ அலமாரிக் கண்ணாடியோ, எதுவானாலும் அளந்து, கோடு கீறி, மளுக்கென்று ஒடித்துக் கொடுப்பார். வேலையில் ஒரு மயிரிழை பிசகாது. மனுஷரும் நல்லவர்தான். அந்த நல்ல மனசுதான் வினை. கடைக்கு வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "அட, என்ன அழகா இருக்கு!" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "எடுத்துக்கோங்க, அவ வேற பின்னிக்குவா" என்று எடுத்துக் கையில் திணித்துவிடுவார். தன் கடையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை அப்படித் தூக்கிக் கொடுத்திருக்கிறாரா? கேட்டால், "அது வியாபாரம்" என்பார். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்கூடத் தன் தோளில் கிடந்ததைத்தான் கொடுத்தார். பெண்டாட்டி பின்னி வைத்ததை எடுத்துக் கொடுத்ததாக யாரும் பாடி வைக்கவில்லை.

அவள் சண்டை போடாமலும் இல்லை. போட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அடுத்த வாரம் இன்னொன்று போயிருக்கும். தெருவெல்லாம் அவரைத் தங்கமான மனுஷர் என்றது. அவளைப் பற்றி, பொழுதுபோகாமல் எதையாவது பின்னிக்கொண்டே இருப்பாள் என்றது.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். போன மறுமாதம், அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த ஒரு சின்ன ஸ்வெட்டரைக் காணவில்லை. மகள் பிறப்பதற்கு முன்பு, ஆணா பெண்ணா என்று தெரியாமல் வெள்ளை நூலில் பின்னியது. மருத்துவமனையிலிருந்து அவளுக்கு அதைப் போட்டுத்தான் எடுத்து வந்தார்கள். கண்ணாடி மாட்டப் போன வீட்டில் புதுக் குழந்தையாம், கொடுத்துவிட்டாராம்.

"சும்மாதானே கிடந்துச்சு?" என்றார்.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. மறுநாள் மூன்று நிறத்தில் நூல் வாங்கி வந்தாள். சாம்பல், கடுகு மஞ்சள், கரும்பச்சை. "நம்ம கட்டிலுக்கு ஒரு போர்வை பின்னப் போறேன். இது ஒண்ணு மட்டும் இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது. வேற எதையும் நான் கேக்கல" என்றாள். அவர் தன் தலையில் தானே கையை வைத்துச் சத்தியம் செய்தார்.

அந்தப் போர்வையை அவள் வீட்டில் பின்னவில்லை, வேலை செய்யும் இடத்தில்தான் பின்னினாள். ஊருக்கு வெளியே லாரி எடை மேடையில் சீட்டுப் போடுகிற வேலை அவளுக்கு; மேடையம்மா என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஆறடிக்கு ஆறடி அறை, ஒரு ஜன்னல், சிவப்பு எண் ஓடும் ஒரு பெட்டி. லாரி மேடை ஏறும், எண் ஆடி நிற்கும், பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும், ஜன்னல் வழியாக நீட்டுவாள். அடுத்த லாரி வரும் வரை ஊசி ஓடும். கண்ணியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டாள். ஓட்டுநர் ஹாரன் அடித்தால் ஊசியைத் தூக்கிக் காட்டுவாள். அவரும் அடங்கிவிடுவார்.

ஒரு சதுரத்துக்கு நூறு லாரி ஆகும் என்பது அவள் கணக்கு. நடுவில் ஒரு சின்ன வளையம் போட்டு, அதைச் சுற்றி ஒரு சுற்று, அதைச் சுற்றி இன்னொரு சுற்று என்று வளர்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் அதற்கு முந்தைய கண்ணியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அகலத்துக்குப் பதின்மூன்று வரிசை, நீளத்துக்குப் பதினைந்து. மூன்று வருடம் இரண்டு மாதம். முடித்த அன்று ஓர் ஓட்டுநர் அதை மடித்து மேடைமேல் வைத்து எடை பார்க்கச் சொன்னார். அறுபது டன் வரை நிறுக்கிற மேடைக்கு அது எந்த மூலைக்கு? சைபர் காட்டியது. "பாத்தியாம்மா, உன் மூணு வருஷத்துக்கு எடையே இல்ல!" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

கட்டிலில் விரித்தபோது இரண்டு பக்கமும் ஒரு சாண் தொங்கியது. பதினோரு நாள் அது அங்கே கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு வேலை இருந்தது. நாலு மணிக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றியவள் படுக்கையறையைப் பார்த்தாள். கட்டில் மொட்டையாக இருந்தது.

"போர்வை எங்க?"

அவர் மலர்ந்த முகத்தோடுதான் வந்தார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது. "அக்கா வந்திருந்தாங்க, தம்பி வீட்டுலயும் வந்திருந்தாங்க. ரெண்டு பேருக்கும் அது மேல அப்படி ஒரு ஆசை. ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தருக்கு மனசு கஷ்டப்படும் இல்லையா? அதான் ஆளுக்குப் பாதி."

"பாதின்னா?"

"சரியா நடுவுல வெட்டிட்டேன். டேபிள்ல விரிச்சு, டேப் வெச்சு அளந்து, சாக்பீஸ்ல கோடு போட்டு வெட்டினேன். நீ பதிமூணு வரிசை போட்டிருந்தே பாரு, ஒத்தைப்படை, அதனால நடு வரிசைய ரெண்டாக்க வேண்டியதாப் போச்சு. ஆறரை, ஆறரை. யாரும் குறை சொல்ல முடியாது."

அவள் கடையறைக்குள் போனாள். கண்ணாடி வெட்டும் மேசைமேல் நீளமாக ஒரு சாக்பீஸ் கோடு. கோட்டின் மேலே மூன்று நிறத்திலும் நறுக்கு நூல்கள், அரை விரல் நீளம், கால் விரல் நீளம். அவற்றைக் கூட்டி அள்ளியபோது உள்ளங்கையில் ஒரு கண்ணாடிச் சிலும்பு ஏறியது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

கண்ணாடியை வெட்டினால் வெட்டின ஓரம் வெட்டின இடத்திலேயே நிற்கும். ஒரு கண்ணாடி இரண்டு கண்ணாடி ஆகும். ஆயுள் முழுக்க அதையே செய்த மனுஷருக்கு நூலும் அப்படித்தான் என்று நினைப்பு. பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால், அதைப் பிடித்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒவ்வொன்றாகக் கையை விட்டுவிடும். இருபத்தாறு வருடம் கண்ணெதிரே பின்னியும் இது ஒருவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் அந்த வேலையை ஒருநாளாவது பார்த்திருக்கிறாரா?

"தலையில கை வெச்சு சத்தியம் பண்ணீங்களே!"

"வெளியாளுக்குக் குடுக்க மாட்டேன்னுதானே பண்ணேன்? அவங்க நம்ம குடும்பம்."

"அப்ப நான் யாரு?"

அவர் தனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தார். "சரி விடு. நூல் வாங்கித் தரேன். வேற பின்னிக்கோ."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவை சொன்னீங்கன்னா, இந்தக் கடையில ஒரு கண்ணாடி மிஞ்சாது!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வாசலில் அவளுடைய திரை விலகி இரண்டு தலை எட்டிப் பார்த்தது. திருப்பி வாங்கி வாருங்கள் என்றாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் தன் மானம் போய்விடும் என்றார். அவர் மானம் மட்டும் அவ்வளவு கெட்டியாகப் பின்னியிருந்தது.

இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான். செவ்வாய்க்கிழமை மதியம், ஜல்லி லாரி ஒன்று மேடைமேல் நின்றுகொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தார்.

"என்னம்மா இப்படிப் பின்னியிருக்க? புதுசாச்சேன்னு ஒரு தண்ணி அலசிக் காயப்போட்டேன், ஒரு பக்கம் முழுக்கப் பிரிஞ்சு பிரிஞ்சு தொங்குது. என் தம்பி உன் கைவேலைய ஆஹா ஓஹோன்னு சொல்லுவான். வேலை கெட்டியா இல்லையே!"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் ஊசியைத் தூக்கிக் காட்டவில்லை. கையில் ஊசியே இல்லை. சீட்டை நீட்டினாள், அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வெட்டினதைக்கூட ஒருவிதத்தில் விழுங்கியிருப்பாள். வேலை கெட்டியாக இல்லையாம்! தன் பின்னல் ஒரு முடிச்சு அவிழ்ந்தது என்று இதுவரை ஒரு ஜீவன் சொன்னதில்லை.

வேலை முடிந்ததும் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கொல்லைக் கொடியில் பாதிப் போர்வை தொங்கியது. வெட்டுப்பட்ட ஓரத்தில் நூல்கள் சுருண்டு சுருண்டு கீழே இறங்கியிருந்தன. கிளிப்பைக் கழற்றி, ஈரத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னம்மா இது, குடுத்ததைத் திருப்பி எடுக்கறே?"

"பின்னினவ குடுக்கல அண்ணி. குடுத்தவரு பின்னல" என்றாள்.

அங்கிருந்து ஓரகத்தி வீடு. சோபாமேல் கிடந்த மற்ற பாதியை அவளே அவசரமாக எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமாதான் அக்கா... நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன்."

"வேணாம்னு சொன்னது வாய். கை ஏன் நீட்டுச்சு?"

அன்று மாலை இரண்டு பாதியையும் பார்த்ததும் கணவருக்கு உயிர் வந்தது. நடு வரிசை மட்டும்தான் போயிருக்கிறது, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து சதுரம் புதிதாகப் பின்னிச் சேர்த்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அது அவளுக்கும் தெரியும். நூலும் மிச்சம் இருந்தது. மூன்று மாதத்து வேலை.

அவள் ஒரு பாதியை மட்டும் எடுத்தாள். அரைச் சதுரங்களைப் பிரித்து எறிந்துவிட்டு, ஆறு வரிசைக்கும் கரும்பச்சையில் இறுக்கமாக ஓரம் கட்டினாள். நாலு நாள் ஆயிற்று. கொண்டுவந்து கட்டிலில் தன் பக்கம் விரித்தாள். அவள் பக்கம் ஒரு சாண் தொங்கியது. கட்டிலின் நடுவில் வந்து வெட்டினாற்போல் நின்றது.

"இன்னும் முடியலையா?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு." மற்ற பாதியை, தொங்குகிற நூல்களோடு அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தாள். "இது உங்க பாதி. யாருக்கு வேணும்னாலும் குடுங்க. நான் கேக்க மாட்டேன்."

குளிர் மாதம் தொடங்கியது. அவர் அந்தப் பாதியை மேலே இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்ள, இழுக்க இழுக்கக் கண்ணி விட்டது. ஒருநாள் கண்ணாடி மூலைகளுக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்து வந்து ஓரம் முழுக்க ஒட்டினார். அழகாக, நேராக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினார். அவள் பார்த்துக்கொண்டே துணி மடித்தாள். 'கட்டித் தரட்டுமா' என்று அவளும் கேட்கவில்லை, 'கட்டிக் கொடு' என்று கேட்க அவருக்கும் முகமில்லை.

மாதக் கடைசியில் நாத்தனார் வந்தார், பழைய மனஸ்தாபம் எதுவும் இல்லாதவர்போல. படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். டேப் ஒட்டிய பாதியின் முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை ஏன்டா இப்படிப் பாழ் பண்றே? ஒரு துணியை வெச்சு ஓரம் தைச்சா முடிஞ்சுது. என் கால்மாட்டுக்கு ஆகும். குடு, எடுத்துட்டுப் போறேன்."

அடுப்படியில் இருந்தவள் குழாயை மூடினாள். வழக்கமாக அடுத்து வருகிற வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். எடுத்துக்கோங்க, அவ வேற பின்னிக்குவா.

"இல்லக்கா" என்றார் அவர். போர்வையின் இன்னொரு முனையை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். "இது என்னோடது."

அவள் ஈரக் கையோடு படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். கோபம் ஆறிவிடும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இப்போது புதிதாகக் கிளம்பியது.

"இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல, "என்னோடதுன்னு..." என்றார்.

"வருதில்ல? உங்க பொருள்னா அந்த வார்த்தை வாயில தானா வருதில்ல?" என்றாள் மேடையம்மா. "இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யார்கிட்டயாவது 'இது அவளோடது'ன்னு சொல்லத் தோணுச்சா உங்களுக்கு?"