தம்ப் டிரைவ் போய்வந்த வீடுகள்

என் மகள் கல்யாணமாகி, சிங்கப்பூரின் மேற்கே கிளமெண்டிக்குப் போனபோது அவளுடைய பழைய கம்ப்யூட்டர் என்னிடம் தங்கிவிட்டது. "தூக்கிப் போட்டுடும்மா, இனிமே அது ஆகாது" என்றாள். நான் போடவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு, அதில் தமிழ் எழுத்து வருகிறதா என்று தட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒற்றை விரலால் 'ஆண்டவரே' என்று எழுத ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

எங்கள் பங்குச் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் பாடுகிற குழுவில் நானும் ஒருத்தி. பேருக்குத்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே வாயை மட்டும் அசைப்பேன்; இதுவரை ஒரு வரி சத்தமாகப் பாடியதில்லை. பாட்டுத் தாள் தட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. ஒருவர் கிழிந்த புத்தகத்தைக் கொண்டுவருவார், இன்னொருவர் பாடிக் காட்டுவார். கேட்டு எழுதி, வீட்டுக்கு வந்து தட்டுவேன். எட்டு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் பாட்டு சேர்ந்தது. கம்ப்யூட்டர் என்றைக்குப் படுத்துவிடுமோ என்ற பயத்தில் அத்தனையையும், பென் டிரைவ் என்பார்களே, அந்தத் தம்ப் டிரைவ் ஒன்றில் மட்டும் வைத்திருந்தேன். கூச்சத்தை விட்டுச் சொல்வதானால், குழுவில் எனக்கு இருந்த இடமே அந்தத் தம்ப் டிரைவ்தான்.

போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அதைச் செருகியதும் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து 'டிங்' என்றது. ஆங்கிலத்தில் ஏதேதோ எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்ததில் 'வைரஸ்' என்பது மட்டும் புரிந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: ரிமூவ், அலவ். ரிமூவ் என்றால் எடுத்துவிடு, அது தெரியும். கெட்டதை எடுத்துவிடட்டும் என்று அழுத்தினேன். பெட்டி போனது. கூடவே 'தவக்காலம்' என்று பெயரிட்டு வைத்திருந்த ஃபோல்டரும் போனது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளுக்கான சிலுவைப்பாதைப் பாட்டெல்லாம் அதில்தான் இருந்தன.

தேடாத இடமில்லை. மறுநாள் செருகியபோது மறுபடியும் டிங். இந்தத் தடவை உஷாராகி, இருக்கட்டும் என்று அலவ் என்பதை அழுத்தினேன். மற்ற ஃபோல்டர்கள் அப்படியே இருந்தன. சரி, இதுதான் வழி என்று பிடித்துக்கொண்டேன். தினமும் செருகுவேன், தினமும் டிங், தினமும் அலவ்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வந்து கம்ப்யூட்டரைக் குப்பைக்குக் கொண்டுபோய்விடுவாள். குழுத் தலைவரிடமும் சொல்லவில்லை. தவக்காலம் தொடங்க ஐந்தாறு வாரம்தான் இருந்தது. அந்த அம்மாவிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தோம், அதையும் தொலைத்துவிட்டார் என்று நினைக்கமாட்டார்களா? பழைய தாள்களை அலமாரியிலிருந்து இழுத்துப்போட்டுத் திரும்பத் தட்ட ஆரம்பித்தேன். நாற்பத்துமூன்று பாட்டில் பதினொன்றுக்குத்தான் தாள் கிடைத்தது.

பொங்கலன்று எதிர் வீட்டுப் பெண் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். ஐம்பது தாண்டியவர், ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. இத்தனை வருடம் எதிரெதிரே இருந்தும் லிஃப்டில் சிரித்துக்கொள்வதோடு சரி. நான் வாசலிலேயே கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பப் பார்த்தேன். அப்போதுதான் தம்ப் டிரைவைச் செருகிவிட்டு வந்திருந்தேன்; உள்ளே டிங் என்றது.

"என்ன ஆன்ட்டி அது?"

"ஒண்ணுமில்லம்மா, அப்பப்போ வரும்."

"அப்பப்போன்னா? எவ்ளோ நாளா?"

"மூணு வாரமா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். "வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"அலவ் அமுக்கிடுவேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ ஆன்ட்டி! திருடன் வந்திருக்கான்னு வாட்ச்மேன் ஓடி வந்து சொல்றான். நீங்க பரவால்ல, உள்ள விடுங்கன்னு சொல்லியிருக்கீங்க லா. அதுவும் தினமும்!"

"மொதல்ல ரிமூவ்தான்மா அமுக்குனேன். பாட்டெல்லாம் போயிடுச்சு." இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். திரையின் மேலே எங்கேயோ போய் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டார். காலியாகத் தெரிந்த இடத்தில் 'தவக்காலம்' என்ற ஃபோல்டர் வெளிறிய மஞ்சளில், பாதி ஆவி மாதிரி, வந்து நின்றது. திறந்தார். நாற்பத்துமூன்று பாட்டும் இருந்தன.

"இந்த வைரஸ் பாட்ட அழிக்காது ஆன்ட்டி. நெஜ ஃபோல்டர மறைச்சு வச்சிட்டு, அதே பேர்ல ஒரு பொய்ய முன்னாடி வைக்கும். நீங்க ரிமூவ் பண்ணது அந்தப் பொய்ய மட்டும்தான். சரியாத்தான் செஞ்சிருக்கீங்க, அப்புறம் பயந்துட்டீங்க."

சரியாகச் செய்தேன் என்று கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பண்டிகை நாளில், தன் வீட்டு விருந்தாளிகளை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் இருந்தார். வருடக்கணக்கில் புதுப்பிக்காமல் கிடந்த ஆன்ட்டிவைரஸைப் புதுப்பித்தார். பாட்டுகளைக் கம்ப்யூட்டரிலும் இன்னொரு தம்ப் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தார்.

பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். பதினோராம் நாள் டிங். வெட்கத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"நான் சுத்தமாத்தானே பண்ணிக் குடுத்தேன்? பழைய தம்ப் டிரைவ் எங்கெல்லாம் போச்சு ஆன்ட்டி?"

சொன்னேன். எங்கள் குழுவில் அது கைமாறிக்கொண்டே இருக்கும். தலைவர் வீட்டுக்குப் போகும். காத்தோங்கில் இருக்கும் கீபோர்டு வாசிப்பவரிடம் போகும். பூசையில் பாட்டைத் திரையில் காட்டுபவரிடம் போகும். தேக்காவில் இருக்கும் ஒரு மாடிக் கடைக்குத் தாள் அச்சடிக்கப் போய்வரும். தொலையாமல் இருக்க ஒரு ஜெபமாலைப் பையில் போட்டு அனுப்புவோம்.

"ஜெபமாலைப் பையிலயா?" என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அதுல இருந்தா வைரஸ் அண்டாதுன்னு நெனச்சீங்களா?"

"கொஞ்சம் நெனச்சேன்மா" என்றேன். அதுதான் உண்மை.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்ட மட்டும் நான் எத்தன தடவ கழுவினாலும் திரும்ப வந்துடும் ஆன்ட்டி. அது போற வீடு எல்லாத்தையும் பாக்கணும். நீங்க அவங்ககிட்ட சொல்லணும்."

"நீங்களே வந்து சொல்லுங்களேன்."

"நான் கோயிலுக்குப் போற ஆளு. உங்க சர்ச்சுக்குள்ள வந்து உங்க எல்லாருக்கும் வைரஸ் இருக்குன்னு சொன்னா சும்மா விடுவாங்களா? நீங்கதான் சொல்லணும்."

அந்த வெள்ளிக்கிழமை பயிற்சி முடியும்வரை எதுவும் என் காதில் ஏறவில்லை. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் எழுந்து நின்றேன். நான் எழுந்து நின்றதே அதிசயமாக இருந்ததால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

"தம்ப் டிரைவ்ல வைரஸ் இருக்கு" என்றேன். "என்கிட்டேருந்துதான் உங்க வீட்டுக்கெல்லாம் வந்திருக்கும். மன்னிச்சுக்குங்க."

கீபோர்டு வாசிப்பவர் கேட்டார், "அக்கா, செவப்புப் பெட்டி வருதா? டிங்குனு?"

"ஆமா."

"எனக்கு கிறிஸ்துமஸுக்கு முன்னாலேருந்தே வருதுக்கா! நான் பாத்த ஏதோ வெப்சைட்டாலதான் வந்துச்சுன்னு பயந்து வீட்ல மூச்சே விடல!"

"நல்ல வேள சொன்னே" என்றார் தலைவர். "சத்தம் வருதேன்னு நான் ஸ்பீக்கரையே கழட்டி வச்சிட்டேன்." திரை போடுபவர் தலையைக் குனிந்துகொண்டு தன் மடிக்கணினியைப் பைக்குள் தள்ளினார், அதைப் பார்த்து எல்லோரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தன்னால் வந்தது என்று நினைத்து, ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்தோம். எந்த வீட்டில் அது தொடங்கியது என்று இன்றுவரை தெரியாது. அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்காகவே அவர்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

தலைவரே கூப்பிட்டதால், மறு சனிக்கிழமை எதிர் வீட்டுப் பெண் எங்கள் பங்கு மண்டபத்துக்கே வந்தார். மேசையில் மூன்று மடிக்கணினிகள் வரிசையாகக் கிடந்தன. இனிமேல் யார் வீட்டுக்கும் தம்ப் டிரைவ் போகவேண்டாம், பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். அவர் வேலை பார்க்கும்போது தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாட்டு நெஜமாவே போயிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"திரும்பத் தட்டியிருப்பேன்."

"எங்ககிட்ட சொல்லாமலேயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பாட்டு போனா போகட்டும்க்கா. நாங்க உக்காந்து திரும்பப் பாடுறோம், நீங்க எழுதுங்க. அதுக்காக ஒங்கள விட்டுடுவோமா?"

எழுந்து போய்ப் பிளாஸ்கை எடுத்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன். தலைவரையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில், எதிர் வீட்டுப் பெண்ணின் கோப்பைக்கு வெளியே கொஞ்சம் கொட்டிவிட்டது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "இன்னும் ஊத்துங்க ஆன்ட்டி" என்றார்.