தாடியும் வலது தோளும்

இன்று காலை மலேசியாவின் கிள்ளான் நகர நீச்சல் குளத்தில் இறங்கியதும் வலது தோள் தீயாய் எரிந்தது. மூச்செடுக்க முகத்தைத் திருப்பும்போதெல்லாம் தாடி உரசி, அங்கே தோல் உரிந்திருந்தது. மேலேறி உட்கார்ந்துவிட்டேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஃப்ரீஸ்டைல் கற்றுக்கொண்டவன் நான். இப்போதுதான் நடுவில் நிற்காமல் எதிர்ச்சுவரைத் தொடும் அளவுக்கு மூச்சு பழகியிருக்கிறது. இந்தப் புண்ணால் சில வாரம் நீந்தாமல் விட்டால் எல்லாம் போய்விடுமே என்று கவலை.

தினமும் அங்கே நீந்த வரும் கமலா அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன சார், தோள்ல யாரு கடிச்சா?"

"என் தாடிதான்."

"ஷேவ் பண்ணிடுங்க லா!"

"தைப்பூசத்துக்கு வேண்டிக்கிட்டிருக்கேன் அக்கா. அதுவரைக்கும் கத்தி படக்கூடாது."

"அப்ப கழுத்தை மட்டும் திருப்பாதீங்க. உடம்பையும் சேர்த்துத் திருப்புங்க. குச்சியில குத்தி சாத்தே கறி சுடறப்ப குச்சியோட மொத்தமா திரும்புதுல்ல, அந்த மாதிரி."

"விரதத்துல இருக்கிறவன்கிட்ட சாத்தேயா?"

"சரி, எண்ணெயில அப்பளம்னு வெச்சுக்குங்க!"

தோளில் வாஸ்லின் தடவிக்கொண்டு மறுபடி இறங்கினேன். இடுப்பிலிருந்தே உடம்பைச் சாய்த்தேன். வாய் தானாகவே தண்ணீருக்கு மேலே வந்தது. தாடை தோளைத் தொடவேயில்லை. எதிர்ச்சுவரைத் தொட்டதோடு நிற்காமல் திரும்பியும் வந்துவிட்டேன்!

பழைய பழக்கத்தில் கழுத்தை மட்டும் திருப்பினால், தாடி உடனே உரசிச் சொல்லிவிடுகிறது. இவ்வளவு கண்டிப்பான வாத்தியாரைத் தைப்பூசம் முடிந்ததும் மழிக்கத்தான் வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.