கொரியப் படமும் இரண்டு தட்டு மிக்சரும்

நீங்கள் இப்போது ஆளுக்கொரு திரையில் கொரியப் படம் பார்க்கிறீர்கள். எனக்கு ஒன்பது வயதில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில், அது வாடகை டிவிடியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அப்பாவுக்கு வேறு மாநிலத்தில் வேலை. திங்கட்கிழமை விமானம் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் வருவார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பேச்சுத்துணைக்கு நான் மட்டும்தான். நானும் அவள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வேன்.

நடக்கிற தூரத்தில் ஒரு கொரிய மளிகைக் கடை இருந்தது. முள்ளங்கி வாங்கப் போனபோது கல்லாவுக்கு மேலே டிவியில் ஒரு படம் ஓடியது. அந்த இசையைக் கேட்டு அம்மா முள்ளங்கியும் கையுமாக நின்றுவிட்டாள். கடைக்கார ஆன்ட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காலத்தில் அவர்கள் ஊர்க்காரர்களே அமெரிக்கப் படத்துக்குத்தான் போனார்களாம். இப்போது தங்கள் படத்துக்கே மறுபடி கூட்டமாம். கதை மறந்தாலும் இசை வீடுவரை கூடவே வருகிறதே, அதுவும் ஒரு காரணம் என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினாள்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தக் கடையில் வாடகைக்கு எடுத்த ஒரு படம், சோபாவில் இரண்டு தட்டு மிக்சர். கீழே ஓடும் இங்கிலீஷ் வரியை அம்மா எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் படித்துச் சொல்வது என் வேலை. எனக்கோ அறைக்குள் வீடியோ கேம் காத்திருந்தது.

ஒரு படத்தில், ரயில் நிலையத்தில் ஒருத்தி கணவனுக்காகக் காத்திருந்தாள். வரமாட்டேன் என்று அவனிடமிருந்து கடிதம் வந்தது. பெரிய கடிதம். எனக்குப் பொறுமையில்லை.

"அடுத்த ட்ரெயின்ல வர்றானாம்மா. ஹாப்பி எண்டிங்" என்று எழுந்துகொண்டேன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்புறம் ஏன்டா வயலின் இப்படி அழுவுது? எனக்குப் படிக்கத்தான் வராது. காது நல்லாக் கேக்கும்."

திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டவில்லை. இனிமேல் படிக்க வேண்டாம், இசையிலேயே பாதி புரிகிறது, நீ போய் விளையாடு என்றாள். விட்டது தொல்லை என்று ஓடினேன்.

அடுத்த செவ்வாயும் சோபாவில் இரண்டு தட்டு இருந்தது. என்னுடையதை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். அதற்கடுத்த வாரம், அறைக்கே கொண்டுவந்து தந்தால் என்ன என்று கேட்டேன்.

"இங்க வந்து எடுத்துக்கோ" என்றாள் அம்மா.

நாலடி நடக்கக்கூட அம்மாவுக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.