தினமும் பிடிபட்ட மதராஸி

மழையில் நனைந்த மாலைப் பத்திரிகைக்கு ஒரு வாசனை உண்டு. மையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற அந்த வாசனை மாடிப்படி ஏறி வரும்போதே அப்பா ஆபீஸிலிருந்து வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். நாற்பதுகளில், பம்பாய் மாதுங்காவில், நான் அப்போது ஏழு வயதுப் பெண்.

காபி டம்ளரும் கையுமாக அப்பா இங்கிலீஷ் பத்திரிகையை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பார். யுத்தச் செய்தி முடிந்து ஊர்ச் செய்தி வந்தால், குர்லாவில் துணி திருடிய 'மதராஸி', மாஹிமில் கத்தியைக் காட்டிய 'மதராஸி'. மற்றத் திருடர்கள் வெறும் 'ஒருவன்'தான். அம்மா தவறாமல், "நம்மவாளா இருக்காது, தாராவி ஆளா இருப்பான்" என்பாள். அப்பா தலையாட்டுவார்.

தெற்கேயிருந்து வந்த எல்லாருக்கும் பம்பாயில் அந்த ஒரே பேர்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? துளசி, காசி மாதிரி மதராஸி என்று ஓர் ஆள் இருப்பதாகவே நம்பினேன். மத்தியானத் தூக்கத்தில் அவன் தாராவியின் ஈரத் தகரக் கூரைகள்மேல் சத்தமில்லாமல் நடந்து எங்கள் ஜன்னல்வரை வருவான். இன்று பிடிபட்டு நாளைக்கே தப்பித்துவிடுகிற அவன்மேல் எனக்குப் பாதி பயம், பாதி பிரியம்.

ஒரு நாள் குர்லாவில் மாமா வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவும் நானும் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே இருந்த கறுப்புத் தொப்பிக்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "ஏ மதராஸி, பென் நிகாலோ!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார், பேனாவை வெளியே எடு என்று. பேனாவை எடுத்தவன் வந்தேவிட்டான் என்று ஆசையாகத் திரும்பி அப்பாவின் பின்னால் தேடினேன். அங்கே மரப்பலகைச் சுவர்தான் இருந்தது.

அப்பா தன் சொந்தப் பேனாவை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் அவருடைய பேனா இருக்கை இடுக்கிலிருந்து கிடைத்துவிட்டது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; பேப்பரில்தான் தினமும் வருகிறதே என்றார் இந்தியில், சிரித்துக்கொண்டே. எனக்கு அழுகை வந்தது. அப்பா முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் ஊர்ச் செய்தியில் அந்த வார்த்தை வந்ததும் அப்பா நிறுத்தினார். அம்மா வழக்கம்போல, "தாராவி ஆளா..." என்று ஆரம்பித்தாள்.

"தாராவின்னு போடலை. மதராஸின்னுதான் போட்டிருக்கான். அது நாமதான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எந்தத் திருடனையும் அவர் 'ஒருத்தன்' என்றுதான் வாசித்தார்.

அப்பா இல்லை, மாதுங்கா வீடும் இல்லை. கூரைமேல் நடந்தவன் அந்த ரயிலோடு போய்விட்டான். இப்போது செம்பூரில் மகன் வீட்டு டி.வி.யில் மாலைச் செய்திக்கு வாசனையே கிடையாது. நேற்று, பிழைக்க வந்து திருட்டில் பிடிபட்ட எவனையோ அவன் மாநிலத்தின் பேரைச் சொல்லிக் காட்டினார்கள். "அவங்க எல்லாருமே அப்படித்தான்" என்றான் மகன்.

முகத்தைத் துண்டால் மூடியிருந்த அந்த ஆளுக்குப் பின்னால் ஏழு வயதுப் பெண் யாராவது நிற்கிறாளா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.