ஃபேனுக்கு நேர் கீழே

இன்று ஃபேனைத் துடைக்கும்போது விரலில் ஒட்டிய கிரீஸ் வாசம், இப்போது ஏதோ லாட்ஜின் கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் தென்காசி வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. குற்றாலத்தில் சாரல் தொடங்காத மே மாத மத்தியானங்களில், கறக் கறக்கென்று சுற்றும் ஒற்றை ஃபேனுக்கு நேர் கீழே, தண்ணீர் தெளித்த சிவப்புத் தரையில், அண்ணன்தான் தினமும் மல்லாந்து கிடப்பான். சுவரோரம் வேர்த்து ஒழுகும் எனக்கு வயிறு எரியும்.

“ஏண்ணே, ஃபேன் போல்ட்டு லூசா ஆடுது, விழப்போவுது,” என்று ஒருநாள் புளுகினேன்.

“அப்பம் நீயே இங்கன படுலே. விழுந்தா ஒன் பங்கு மாம்பழமும் எனக்குத்தான்,” என்று சுவரோரம் உருண்டான்.

படுத்து அண்ணாந்து பார்த்தால் போல்ட் நிஜமாகவே ஆடியது. தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை காற்றிலும் வேர்வையில் தொப்பலாக நனைந்தேன். காற்றே எட்டாத சுவரோரத்தில் அண்ணன் நிம்மதியாகக் குறட்டை விட்டான், பாவி.