கப்பலில் போட்ட பாவு

ராசிபுரம் பாவடித் தெருவில் சண்முகவேலிடம் மாட்டிக்கொள்ளாமல் நடந்துபோவது பெரிய வித்தை. மாட்டினால் கப்பல் கதைதான். யுத்த காலத்தில் ஒருநாள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கடைக்காரன் எங்களைப் பார்த்து, ஒட்டி நில்லு, தள்ளி நில்லு, பேசாதே என்று ஆடு மேய்க்கிறவன் மாதிரி கத்தினான். எனக்குப் பின்னாலிருந்து சண்முகவேல் ஆரம்பித்துவிட்டார்.

"கப்பல்ல இப்படியெல்லாம் கெடையாதுங்க. அங்க யாரும் யாரையும் வெரட்ட மாட்டாங்க."

ரயிலில் எவனாவது மூட்டையை எட்டி உதைத்தால் அவருக்குக் கப்பல் ஞாபகம் வரும். கோயிலில் தர்மகர்த்தா முறைத்தால் கப்பல் ஞாபகம் வரும். ஆயுளில் ஒரே ஒரு முறை பினாங்குக்குப் போய்வந்தவர், அந்தக் கப்பல் கம்பெனியே தன் மாமனார் சொத்து என்பதுபோல் பேசுவார். நான் அவர் வீட்டுக்கு எதிரே சாயப்பட்டறை வைத்திருக்கிறவன். நான் எங்கே ஓடுவது? முதலில் கொஞ்சநாள் ரசித்தேன். பிறகு அவர் தலை தெரிந்தாலே சாயத் தொட்டிக்குள் குனிந்துகொள்வேன்.

அவர் ஏன் அப்படிச் சிலாகித்தார் என்று புரிய வேண்டுமானால் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சண்முகவேல் எதற்கும் உத்தரவு கேட்கிற மனிதர். என் பட்டறைக்கு வந்தால், "உக்காரலாமுங்களா?" என்பார். உட்கார்ந்த பிறகு, "வெத்தலை போடலாமுங்களா?" என்பார். அவருடைய சொந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால்கூட மனைவி பூவாத்தாளின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். நெசவு முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்கப் போய், முதலாளி முகம் கொஞ்சம் கடுத்திருந்தால் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

இந்தக் குணத்தால் அடிபட்டது அவருடைய ஒரே தங்கை சென்னம்மாள்தான். அவளைக் கட்டிய கைலாசம் பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தார். அவள் மகள் தெய்வநாயகிக்குக் காது குத்தினார்கள். பிறகு பெரியவளானதும் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் நம்மில் எது நடக்கும்? இவரோ இரண்டுக்கும் போகவில்லை. சேலை ஒன்று நெய்து அனுப்பவும் இல்லை. பார்சல் அனுப்ப யாரைக் கேட்பது, எங்கே போவது என்று யோசித்து யோசித்தே நாளைக் கடத்திவிட்டார். அவரிடமிருந்து போனது ஆசீர்வாதம் சொல்லும் ஒரு கார்டுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பூனை புலியாகிவிடும். அவர் நெய்த துணியைக் குறை சொல்லக் கூடாது. ஒருமுறை சேலத்து வியாபாரி ஒருவர் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நெருக்கம் போதலையே" என்றார். சண்முகவேல் அதை வெடுக்கென்று பிடுங்கி, கூலியே வேண்டாமென்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். அந்தச் சேலை இன்னும் பூவாத்தாளின் பெட்டியில் இருக்கிறது. நானும் தடவிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் நிற்கும்.

முப்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் சென்னம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. தெய்வநாயகிக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் சேலையை அண்ணன் தன் கையால் நெய்து, தானே கொண்டுவந்து சபையில் வைக்க வேண்டும். இந்தத் தடவையும் வராவிட்டால் புகுந்த வீட்டார் முகத்தில் தன்னால் விழிக்க முடியாது என்று எழுதியிருந்தாள். சண்முகவேல் வழக்கப்படி யோசிக்க ஆரம்பித்தார். பூவாத்தாள் யோசிக்கவில்லை. நேராக முதலாளி வீட்டுக்குப் போய், "நாங்க பினாங்குக்குப் போறமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு உத்தரவு என்ற வார்த்தையே தெரியாது.

பட்டுக்கரை வைத்த நூல் சேலை ஒன்றைத் தறியில் ஏற்றினார். பாதி நெய்திருப்பார், மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் ஊற்று கிளம்பி, மார்கழி பிறந்தும் வற்றவில்லை. நெய்கிறவன் காலை எங்கே வைப்பான்? கடைசியில், நெய்த பாதியையும், தறியில் நீளவாக்கில் ஓடுகிற நெய்யாத இழைகளான பாவையும், அவை கோத்திருந்த அச்சு விழுதோடு அப்படியே பாயில் சுற்றி மூட்டையாக்கினார்கள். பினாங்கில் தங்கை வீட்டில் நாலு கம்பை நட்டு மிச்சத்தை நெய்துவிடலாம் என்பது திட்டம். நாகப்பட்டினம் போனால், டாக்டர் சோதனை, காற்று, அது இது என்று கப்பல் நாலைந்து நாள் தாமதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், பினாங்கில் இறங்குகிற நாளுக்கு மறுநாள் காலையில் முகூர்த்தம். இனிமேல் சேலையை முடிப்பதென்றால் கப்பலிலேயே முடிக்க வேண்டும்.

கப்பலின் மேல்தட்டில் ஜனங்களைக் கட்டி மேய்த்தவர் மாலுமிகளின் தலைவரான சாரங்கு, நாகூர்க்காரர். சண்முகவேல் அவரைத் தொடர்ந்து போய்க் கேட்டார்: பாய் விரிக்கலாமுங்களா, கட்டுச்சோறு பிரிக்கலாமுங்களா, சட்டையைக் கழற்றலாமுங்களா? சாரங்கு கொஞ்சநேரம் பொறுத்தார்.

"அண்ணே, இந்தக் கப்பல்ல ஒரே சட்டந்தான். கடல்ல விழுந்துறாதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார்.

சண்முகவேலால் நம்ப முடியவில்லை. இதற்கு முன் வேறொரு கப்பலில் போய்வந்த ஒருவர், மணி அடித்தால் சோறு, மணி அடித்தால் படுக்கை, கோட்டைத் தாண்டினால் வசவு என்றெல்லாம் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார். இங்கேயோ ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை தனியாக அடுப்பு மூட்டி ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நாடகக் கம்பெனி ஆட்கள் ஆர்மோனியத்தைப் பிரித்துவிட்டார்கள். ஒருவர் கூண்டில் சேவல் கொண்டுவந்திருந்தார். அது நேரங்காலம் பார்க்காமல் கூவிற்று. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், பூவாத்தாள் குடிதண்ணீர் பிடிக்கப் போன சமயத்தில், மாலுமிகள் தட்டைக் கழுவக் கடல் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சினார்கள். எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சண்முகவேல் மட்டும், மூட்டையை எங்கே தள்ளி வைக்கலாம் என்று கேட்பதற்காகச் சாரங்கைத் தேடிப் போயிருந்தார். திரும்பி வந்து பாயைப் பிரித்தால், உப்புத் தண்ணீரில் பாவிலிருந்த கஞ்சியெல்லாம் கரைந்து இழைகள் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி துவண்டு கிடந்தன. கஞ்சி போன இழை தறியில் நிற்காது, தொட்டால் அறும். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, இப்படியே உக்காந்திருந்தா பாவு தானாக் கஞ்சி போட்டுக்குமா?" என்றாள் பூவாத்தாள்.

"நீட்டிக் கட்டிக் கஞ்சி போடோணும் புள்ள. அதுக்கு நம்ம பாவடித் தெரு மாதிரி நீளமான எடம் வேணுமே. இங்க யாரைக் கேக்கறது?"

அவள் எழுந்து கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"இது நம்ம பாவடியவிட நீளமா இருக்குதுங்க. கண்ணு தெரியலீங்களா?"

சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அத்தனை ஜனத்துக்கும் சோறு வடிக்கிற கஞ்சி வீணாகக் கடலில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. வாங்கி வந்தாள். சண்முகவேலும் வேறு வழியில்லாமல் சாரங்கிடம் போய் விஷயத்தைச் சொன்னார். சாரங்குக்குப் பாவு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் தங்கை மகள் கல்யாணம் என்றால் தெரிந்தது. இரண்டு மாலுமிகளைக் கூப்பிட்டுக் கயிறு கொடுக்கச் சொன்னார்.

தட்டின் நடுவில் ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குப் பாவை இழுத்துக் கட்டினார்கள். கப்பல் ஆடியதால் இடையிடையே ஆட்கள் பிடிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துக் கூலிக்குப் போகிற ஆண்கள், பெண்கள், கணக்கப்பிள்ளை, நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர், சேவல்காரர் எல்லாரும் வரிசையாக நின்று, இழைகளுக்கு இடையில் செருகிய குச்சிகளைத் தாங்கினார்கள். ராசிபுரத்தில் நம் ஜனத்தைத் தவிர வேறு யாரும் பாவைத் தொட்டதில்லை. சண்முகவேல் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

"வேத்தாளுங்க தொடலாமுங்களா?"

"அவங்க கைய எடுத்தா பாவு உளுந்துரும். எடுக்கச் சொல்லட்டுமா?"

அவர் கஞ்சி தடவ ஆரம்பித்தார்.

அப்போதுதான் கப்பல் அதிகாரியான வெள்ளைக்காரத் துரை மேற்பார்வைக்கு இறங்கி வந்தார். நடைபாதைக்குக் குறுக்கே, அவர் நெஞ்சு உயரத்துக்குப் பாவு நின்றது. நம்மூர்ப் பாவடித் தெருவில் மணியக்காரர் வண்டி வந்தாலே, கஞ்சி காய்கிறதோ இல்லையோ, பாவை அவிழ்த்து வழிவிட வேண்டும். இது கப்பல், வருகிறவர் துரை. சண்முகவேல் பயத்தில் முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனார். துரை பாவை ஒரு பார்வை பார்த்தார். அதன் கோடிவரை நின்ற ஜனத்தையும் பார்த்தார். பிறகு தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, பாவுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

இந்த இடம் வந்ததும் சண்முகவேல் குரலை உயர்த்துவார். "குனிஞ்சு போனாருங்க! என்ற பாவுக்குக் கீழ குனிஞ்சு போனாருங்க!" என்று சொல்லிவிட்டு, எழுந்து குனிந்து காட்டுவார். மண்ணெண்ணெய் வரிசையிலும் காட்டினார். கடைக்காரன் அவரை வரிசையைவிட்டு வெளியே தள்ளினான்.

அதன்பிறகு கப்பலே அவர் தறிக்கொட்டகை ஆகிவிட்டது. சரக்கறை மூடியின் விளிம்பு உயரமாக இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தால் கால் தொங்கும். மிதிக்கட்டையைக் கீழே கட்டிக்கொண்டார். குழியில்லாத குறை தீர்ந்தது. குறுக்கு நூலோடு நாடா ஓடுகிற சத்தத்துக்கு நாடகக்காரர்கள் தாளம் போட்டார்கள். சாரங்கு போகும்போதும் வரும்போதும், "எத்தனை முழம் ஆச்சு அண்ணே?" என்பார். பினாங்கு மலை கண்ணுக்குத் தெரிந்தபோது இன்னும் முந்தானை பாக்கி. கப்பல் நின்று ஜனங்கள் இறங்க ஆரம்பித்தார்கள். "நீங்க கடைசியா எறங்குங்க, போதும்" என்று சாரங்கு மற்றவர்களை வேறு பக்கமாகத் திருப்பிவிட்டார். தட்டு காலியான பிறகு முந்தானையையும் முடித்துச் சேலையை அறுத்து எடுத்தார்கள். சண்முகவேல் இறங்குவதற்கு முன்னால் அந்தத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டார்.

அவர் சொல்கிற கதை அங்கேயே முடிந்துவிடும். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால், "நல்லா நடந்துச்சுங்க" என்பார், அவ்வளவுதான். கப்பலைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர் கல்யாணத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். போன ஆடியில் நூலுக்குச் சாயம் போட வந்த பூவாத்தாள்தான் மீதியைச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து நான் சாயத் தொட்டிக்குள் குனிவதில்லை; அவர் கப்பலை எடுத்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்த மாலையில் சென்னம்மாள் வாசலில் நின்றிருந்தாளாம். அண்ணனைப் பார்த்ததும் சிரித்தாள், அழுதாள், உள்ளே ஓடினாள். கூடத்தில் சீர்த் தட்டில் ஏற்கெனவே ஒரு கடைச் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதை அவசரமாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டதைப் பூவாத்தாள் கவனித்தாள். ஏதோ மாற்றுச் சேலை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சபையில் சண்முகவேல் சேலையை வைத்தார். கைலாசத்தின் அக்காவும் பினாங்கில்தான் இருந்தாள்; அவர்கள் குடும்பம் குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். சேலையைக் கையிலெடுத்துத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பிரமாதமான நெசவுங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளயோட சடங்குக்கு நீங்க அனுப்பின சேலை ரண்டு தொவையலுக்கே இழை வெலகிப்போச்சுங்களே? காதுகுத்துக்கு அனுப்பினதும் அப்படித்தான். அதெல்லாம் யாரு நெய்ஞ்சதுங்க?"

சண்முகவேல் எதையும் அனுப்பியதில்லை. பூவாத்தாள் அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் அவர் பார்வை அதற்குள் தங்கையிடம் போய்விட்டது. சென்னம்மாள் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவளே கடையில் ஒரு சேலை வாங்கி, ஊரிலிருந்து எங்கண்ணன் அனுப்பியது என்று இத்தனை காலமும் சபையில் வைத்து வந்திருக்கிறாள்.

அப்போது அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

"எல்லாம் நான் நெய்ஞ்சதுதானுங்க. அப்ப எனக்குக் கை சரியாப் பழகலீங்க" என்றார் சண்முகவேல்.

நெசவு தெரிந்தவர்கள் நிறைந்த சபை. நாலைந்து பேர் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சென்னம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அத்தனை பேருக்கு முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா" என்றாள்.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இனிமே அனுப்பறது நல்லா இருக்கும் சாமி."